பெலீல் மனைவியோடு வந்த ஞாயிறு

கியூபெக்கில், கார்ட்டியர்வில் பகுதியில் செபஸ்தியாம்பிள்ளையோடு கோபமில்லாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் புனித அந்தோனியார். மற்றவர் அந்த மாதம்தான் குடிவந்திருந்தார்.

செபஸ்தியாம்பிள்ளையின் கோபம் சும்மா கோபமில்லை. ஒரு மார்கழிக் காலையில் பஸ் பிந்தியதென்று அவர் தரிப்பிடத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேச, அடுத்த கிழமை அந்தத் தரிப்பிடம் சந்திக்கு அப்பால் போய் நின்றது. மாநகரசபை அதற்கு வீதித் திருத்தம் என்று ஏதோ காரணம் சொன்னது. துறைமுகத்தில் அவர் கொன்ரெய்னர் ஏற்றியிறக்கும் பக்கத்தில் கடற்காகங்கள் இறங்குவதில்லை. அடுத்த கொட்டகைக் கூரையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அப்படிப்பட்டவருக்கு எல்லாவற்றிலும் பெரிய கோபம் மனைவி அக்னெஸின் தமையன் ஞானேந்திரனோடு.

ஞானேந்திரன் செய்த குற்றம் இது: தன் மகள் நிரஞ்சனியின் கலியாணத்தைத் தொலைபேசியில் சொன்னார். கலியாணம் சொல்வதென்றால் தாயும் தகப்பனுமாக வீடு தேடி வரவேண்டும், சப்பாத்தைக் கழற்றி உள்ளே வந்து இருக்கவேண்டும், தேத்தண்ணீர் குடிக்கவேண்டும், கார்டைக் கையில் தந்து கட்டாயம் வரவேணும் என்று வாயால் சொல்லவேண்டும். ஞானேந்திரன் இரண்டு வேலை செய்கிறவர், மெற்றோவில் நின்றபடி நித்திரை கொள்கிறவர். கார்டைத் தபாலில் போட்டுவிட்டு ஒரு மத்தியானம் கூப்பிட்டுச் சொன்னார். "ரெலிபோனிலை சொல்லுறது செத்தவீடு," என்று செபஸ்தியாம்பிள்ளை வைத்துவிட்டார். கலியாணத்துக்குப் போகவில்லை. அக்னெஸையும் விடவில்லை. தூக்கி வளர்த்த மருமகளுக்குக் கோவிலில் தாலி ஏறிய நேரத்தில் அக்னெஸ் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த வீட்டில் சமையல் பாற்சோறு. அதற்கு வெங்காயம் தேவையில்லை.

மகன் றொசான் இந்தச் சண்டைகளில் சேர்வதில்லை. அவனுக்கு நேரமில்லை, வளர்ந்துகொண்டிருந்தான். பதினான்கு வயதில் அவன் வாசலில் கழற்றி வைத்த சப்பாத்துக்குள் பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டு, குட்டிகள் கண் திறந்து வெளியே வந்து உலாவும்வரை ஒருவருக்கும் விஷயம் தெரியவில்லை. அந்த உடம்பை ஐஸ் ஹொக்கிக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். பதினேழு வயதில் ஜூனியர் அணியொன்று அவனைத் தூரத்து ஊரொன்றுக்குக் கூட்டிப்போய், ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தின் வீட்டில் தங்கவைத்து, கோலுக்கு முன்னால் தடுப்பாட்டக்காரனாக நிறுத்தியது. அவனுடைய அடியைப் பற்றி அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் கதைப்பார்கள். ஒரு முறை பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு, கோலுக்கு மேலால் பறந்து, தடுப்புக் கண்ணாடியையும் தாண்டி, சிற்றுண்டிக் கடையின் எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. உருளைக்கிழங்குப் பொரியலோடு அதையும் வாங்கிப்போன ஒரு கனவான் உப்புக் குறைவென்று திருப்பிக் கொண்டுவந்தார். இன்னொரு முறை நெற்றியில் வாங்கிய கோல்காப்பாளன் ஒருவனுக்கு அன்றிலிருந்து தமிழ் விளங்குகிறது. எல்லாத் தமிழும் இல்லை, தூஷணம் மட்டும்.

இவ்வளவு இருந்தும் அவனை ஒருவரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஆனியிலும் பெரிய லீக்கின் இருபத்தாறு அணிகளும் ஒரு மண்டபத்தில் கூடி, வளர்ந்துவரும் பெடியன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பங்குபோட்டுக்கொள்ளும். இருநூறுக்கு மேல் பெயர் வாசிப்பார்கள். தொண்ணூற்றைந்தில் வாசித்தார்கள், றொசான் இல்லை. தொண்ணூற்றாறில் இல்லை. தொண்ணூற்றேழிலும் இல்லை. அதோடு வயது இருபதாகி ஜூனியரும் முடிந்துவிட்டது. அப்படி மிஞ்சிப்போனவனுக்கு இருப்பது ஒரே வழி. புரட்டாதியில் ஏதாவதொரு அணி, பயிற்சி முகாமுக்கு வா, பார்ப்போம் என்று கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் அவன் ஆட்டக்காரன். கூப்பிடாவிட்டால் வீடு மாற்றும் லொறியில் கட்டில் சுமக்கிறவன். அந்தக் கோடையில் றொசான் கட்டில் சுமந்தான். வளைந்து ஏறுகிற வெளிப்படிகளில் ஒரு பியானோவைத் தனியாகத் தோளில் கொண்டுபோனபோது, வீட்டுக்காரப் பெண் பாதிப் படியில் அதை வாசித்துப் பார்த்து, சுருதி சரியாக இருக்கிறதென்றாளாம்.

செபஸ்தியாம்பிள்ளைக்கு ஹொக்கி பிடிக்காது. தடியோடு வழுக்கித் திரிகிற தொழில் என்பார். ஒரு ஆட்டத்துக்கும் போனதில்லை. ஆனால் மகனின் பெயரை இருபத்தாறு பேரும் சேர்ந்து விட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அவர் கணக்கில் அது, ஊரெல்லாம் சொல்லித் தன்னை மட்டும் விட்ட கலியாணம். துறைமுகத்துச் சாப்பாட்டு மேசையில் யாராவது முதல்நாள் வென்ற அணியின் பெயரைச் சொன்னால், எழும்பித் தட்டோடு வேறு மேசைக்குப் போய்விடுவார்.

ஆவணியில் ஒரு செவ்வாய். அதிகாலை வேலை முடிந்து வந்து அவர் சோற்றில் கைவைத்த நேரம் தொலைபேசி அடித்தது. பேசியவர் ஜில்பேர் பெலீல் என்று, அமெரிக்க அணியொன்றுக்காகக் கியூபெக்கில் ஆள் பார்த்துத் திரிகிறவர். றொசான் இருக்கிறானா என்று பிரெஞ்சில் கேட்டார். இல்லையென்றதும் ஆங்கிலத்துக்கு மாறி, முகாமில் ஒரு இடம் இருக்கிறது, மூன்று நாள், மகனை உடனே என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றார்.

செபஸ்தியாம்பிள்ளை முதலில், நீங்களும் அந்த இருபத்தாறில் ஒரு ஆளோ என்று கேட்டார். ஆமென்றார் பெலீல். அப்படியென்றால் ஆனியில் எங்கே போயிருந்தீர்கள்? அதற்குப் பெலீல் ஏதோ சொன்னார். லொறிக்காரர்களோடு சண்டைபிடித்துத் தேறிய ஆங்கிலத்தில் இவர் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தார். இது தொலைபேசியில் கதைக்கிற விஷயமில்லை. என் மகன் வேண்டுமென்றால் என் வீட்டுக்கு வரவேண்டும். மனைவியையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

என் மனைவியையா என்றார் பெலீல். ஓம், உங்களுக்கு இருக்குத்தானே என்றார் இவர். இருக்கிறாள் என்று பெலீல் யோசித்துச் சொன்னார். ஆனால் வியாழனுக்குள் நான் பெயர் கொடுக்கவேண்டும், அவசரம். அவசரமென்றால் அவசரமாக வாருங்கள் என்று செபஸ்தியாம்பிள்ளை வைத்துவிட்டுச் சோற்றுக்குத் திரும்பினார்.

அக்னெஸ் குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"பெடியனிட்டைச் சொல்லட்டோ?"

"என்னத்தைச் சொல்லுறது? அவங்கள் இன்னும் கூப்பிடேல்லை."

"இப்ப கூப்பிட்டது என்ன?"

"அது ரெலிபோன்."

அவள் சொல்லவில்லை. சொன்னால் தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் தின்றுவிடுவார்கள், பாத்திரம் கழுவுவது தானென்று அவளுக்குத் தெரியும். வியாழன் வந்தது, போனது. வெள்ளி பின்னேரம் தொலைபேசி திரும்ப அடித்தது, எடுத்தவன் றொசான். ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வருகிறேன், உன் தகப்பனார் கேட்டபடி மனைவியோடு, என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெலீல் வைத்தார். செவ்வாய்க்கிழமை ஒரு அழைப்பு வந்திருந்தது என்பதே அப்போதுதான் றொசானுக்குத் தெரியும்.

கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், தகப்பன் இருந்த சோபாவைத் தகப்பனோடு தூக்கிக் கொண்டுபோய் எதிர்ச் சுவரோரம் வைத்தான். செபஸ்தியாம்பிள்ளை செய்தி பார்த்துக்கொண்டிருந்தவர், கழுத்தை மட்டும் திருப்பினார்.

"வாறானோ, இல்லையோ?"

"வாறார்."

"மனிசியோடை?"

"ஓம்."

"பேந்தென்ன?"

றொசானுக்கும் உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை எட்டிப்பார்த்தது. பெலீல் இருப்பது துருவா-றிவியேரில். இல்லை என்று சொல்வதற்காக அவ்வளவு தூரம் மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு எவனும் வரமாட்டான். அன்று இரவு தன் சறுக்குச் சப்பாத்தின் இரும்பைத் துணியால் துடைத்து வைத்தான். சோபாவைத் திருப்பி வைக்கவில்லை.

சனிக்கிழமை அக்னெஸ் பூசைச் சேலையைக் கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, தமையன் வீட்டுக்குப் போனாள். சப்பாத்தைக் கழற்றி உள்ளே போய் இருந்தாள். தேத்தண்ணீர் குடித்தாள். "நாளைக்கு என்ரை மோன்ரை அலுவலா ஆக்கள் வருகினம், அண்ணை. கட்டாயம் வரவேணும்," என்றாள். ஞானேந்திரன் வேலைச் சட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றவர், ஓம் என்றார். புருஷனிடம் அவள் கேட்கவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வந்தபோது ஞானேந்திரன் ஒரு கேக் பெட்டியோடு வாசலில் நின்றார். ஆர் உம்மைக் கூப்பிட்டது என்று செபஸ்தியாம்பிள்ளை கேட்டார். வீட்டுக்காரி, நேரிலை வந்து, என்றார் ஞானேந்திரன். அதற்கு மேல் சண்டைபிடிக்க நேரமில்லை. வெள்ளைக்காரர் படியேறுகிற சத்தம் கேட்டது.

பெலீலின் மூக்கு பல ஆட்டங்களில் உடைந்து, ஒவ்வொரு தடவையும் வேறொரு பக்கம் பார்த்து ஒட்டியிருந்தது; அவர் நேரே வந்தாலும் திரும்பிப் போகிறவர் போலத் தெரியும். மனைவி யூகெத் சீனித் தார்ட் என்ற பணியாரமொன்றை இரண்டு கையாலும் நீட்டினாள். இருவரும் சப்பாத்தைக் கழற்றினார்கள். உள்ளே வந்து இருந்தார்கள். தேத்தண்ணீர் குடித்தார்கள். செபஸ்தியாம்பிள்ளை ஒவ்வொன்றையும் ஞானேந்திரனைப் பார்த்தபடி கவனித்தார். பார்த்துப் பழகு என்று அந்த முகம் சொன்னது. பெலீல் மீன் றோல்ஸ் எடுத்தார், இன்னொன்று எடுத்தார், தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

பிறகு வாயைத் துடைத்துவிட்டுப் பிரெஞ்சில் பேசத் தொடங்கினார். தகப்பனுக்குப் பிரெஞ்சு ஓடாது. மகன்தான் தமிழில் சொல்லவேண்டும். றொசான் சிரித்த முகத்தோடு கேட்கத் தொடங்கினான். கேட்டுக்கொண்டு போகப்போக முகம் வெறுமையானது.

"என்னவாம்?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை.

"அந்த இடம் வியாழக்கிழமை போயிட்டுதாம். சிக்குத்திமி ஊர்ப் பெடியன் ஒருத்தனுக்கு. அவன்ரை அம்மா போனை எடுத்து, உடனை ஓமெண்டு சொன்னவவாம்."

"அப்ப உவர் ஏன் வந்தவர்?"

றொசான் கேட்டான். பெலீல் தட்டைக் கீழே வைத்து, மரியாதையாக, நெடுநேரம் சொன்னார். யூகெத் இடையிடையே தலையாட்டினாள்.

"கனகாலமா போனிலைதான் இல்லையெண்டு சொல்லுறவராம். எத்தினையோ பெடியங்களுக்கு. ஒருத்தரும் அதைப் பிழையெண்டு சொன்னதில்லையாம். நீங்கள் சொன்னாப் பிறகு இருந்து யோசிச்சவராம். உங்கடை கதை சரியாம். மரியாதை எண்டால் நேரிலை வந்து சொல்லவேணுமாம், மனிசியோடை." றொசான் மூச்சு விட்டான். "நீங்கள் ஒரு மடையனாம்."

"அப்பிடியும் சொன்னவரோ?"

"இல்லை. அது நான்."

ஞானேந்திரன் கோப்பைக்குள் சிரித்து, தேத்தண்ணீர் மூக்கால் வந்து, இருமினார். அக்னெஸ் அவருடைய முதுகைத் தட்டவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செபஸ்தியாம்பிள்ளை விடுகிற ஆளில்லை. போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று கேட்கச் சொன்னார். பெலீலுக்கு இது தொழில், ஒளிக்காமல் சொன்னார். பெரிய லீக்கா, இல்லை. அதற்குக் கீழேயும் இல்லை. பெடியனுக்குப் பலம் இருக்கிறது, அடி இருக்கிறது; திரும்புகிற வேகம் மட்டும் குளிர்சாதனப் பெட்டிக்குச் சமம். அதையும் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது ஒன்று: இந்த ஆட்டத்தில் தோளால் மோதி விழுத்துவது சட்டப்படி சரி, ஆனால் அவன் ஒருவனையும் முழுதாக மோதுவதில்லை. எதிராளியைத் துரத்திக்கொண்டு போவான், கிட்டப் போவான், கடைசி நொடியில் மன்னிப்புக் கேட்கிறவன் போல ஒதுங்கிவிடுவான். தற்செயலாகப் பட்டு எவனாவது விழுந்தால் கைகொடுத்துத் தூக்கிவிடுவான். இப்படிப்பட்ட உடம்புக்கு ஒரே வேலைதான் இருக்கிறது, அது அமெரிக்காவின் தெற்கே, பனைமரமும் ஐஸும் ஒரே ஊரில் இருக்கிற சின்ன லீக்கில், மற்றவர்களை அடித்து விழுத்துகிற வேலை. அதையும் செய்யமாட்டான். முகாமுக்கு வந்திருந்தால் மூன்று நாள் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

றொசான் இதையெல்லாம் ஒரு சொல்லும் விடாமல் தமிழாக்கினான். தன்னைப் பற்றி அல்ல, யாரோ பக்கத்துத் தெருக்காரனைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

செபஸ்தியாம்பிள்ளை நிமிர்ந்து இருந்தார். "அப்ப போயிருந்தாலும் கலைச்சிருப்பாங்கள். இதிலை என்ன நட்டம்?"

"எனக்கு அந்த மூண்டு நாள் வேணும், அப்பா."

அவன் சத்தம் போடவில்லை. ஞானேந்திரன்கூடக் கோப்பையை மெதுவாக வைத்தார். புத்தியுள்ளவன் அந்த இடத்தில் நிறுத்துவான். ஆனால் நிறுத்திப் பழக்கமில்லாதவர், என்ரை றோல்சைத் தின்றுகொண்டு என்ரை பிள்ளையில் பிழை சொல்லுறானே, அதை அவனுக்குச் சொல் என்றார். றொசான் அதைச் சொல்லவில்லை. தன்னைத் துருவா-றிவியேர்வரை காரில் ஏற்றிப்போகமுடியுமா என்று பெலீலிடம் கேட்டான். அந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமைகளில் கூலிக்கு ஆடுகிற அணிகள் இருக்கின்றன, போய்க் கேட்டுப் பார்க்கிறேன் என்றான். பெலீல் தோளைக் குலுக்கினார். றொசான் அறைக்குள் போய், ஹொக்கிப் பையோடு வந்தான்.

வாசலுக்குப் போகிற ஒடுங்கிய நடையில் செபஸ்தியாம்பிள்ளை காலை அகட்டி நின்றார்.

"என்னைத் தள்ளிப்போட்டுப் போ, பாப்பம்."

இது தமிழ்த் தகப்பன்மார் வழிவழியாகச் சொல்லிவருகிற வார்த்தை. அதற்கு மகன்மார் செய்யவேண்டியதும் முறையாக இருக்கிறது. பையைக் கீழே எறியவேண்டும், சுவரில் ஒரு குத்துக் குத்தவேண்டும், அறைக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தவேண்டும். தாய் அழுவாள். இருட்டினபிறகு சோறு. செபஸ்தியாம்பிள்ளையும் தன் தகப்பன் வாயால் அதைக் கேட்டு, முறைப்படி சுவரில் குத்தியவர்தான். றொசான் பதினேழு வயதிலிருந்து வேறு வீட்டில் வளர்ந்தவன்.

அவன் பையைப் பக்குவமாகக் கீழே வைத்தான். முழங்காலை மடித்தான். காலுறையோடு இரண்டே எட்டு. தோள் நெஞ்சில் இறங்கியது. முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது, சட்டப் புத்தகத்தில் போட்டபடி. செபஸ்தியாம்பிள்ளை நடையின் நீளமெல்லாம் பின்னால் போய், குளிருடுப்பு அலுமாரியின் கதவையும் கூட்டிக்கொண்டு உள்ளே விழுந்தார். ஜக்கற்றுகள் ஒவ்வொன்றாக அவர்மேல் இறங்கின. கீழ்மாடி ஹெயிட்டிக்காரர் நிலநடுக்கமென்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அன்று பின்னேரம்வரை திரும்பி வரவில்லை.

யூகெத் சிலுவை போட்டாள். ஞானேந்திரன் எழும்பி, என்ன செய்வதென்று தெரியாமல் கேக் பெட்டியை மூடினார். றொசான் பழக்கத்தில் கையை நீட்டினான்.

"தொடாதை," என்றார் அலுமாரிக்குள்ளிருந்து செபஸ்தியாம்பிள்ளை.

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

பெலீல் விழுந்தவரைப் பார்க்கவில்லை. நின்றவனின் காலைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், நடையின் நீளத்தைக் கண்ணால் அளந்தார். பிறகு அக்னெஸிடம், தொலைபேசியை எடுக்கலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். தெற்கே யாரையோ பிடித்து ஆங்கிலத்தில் கதைத்தார். ஓம், அந்த இந்தியப் பெரியவன். ஓம், முழுதாக மோதினான், இப்போதுதான், என் கண்ணுக்கு முன்னால். எதிராளியா, துறைமுகத் தொழிலாளி, காலூன்றி நின்றவன். தயாராக நின்றானா? வா என்று கேட்டு வாங்கினான். யார் அது என்று மறுமுனை கேட்டிருக்கவேண்டும். பெலீல் கொஞ்சம் தயங்கி, தகப்பன் என்றார். அங்கிருந்து வந்த சிரிப்பு அலுமாரிவரை கேட்டது.

அவனை எடுத்தார்கள், செவ்வாய்க்கிழமை பஸ். முகாம் இல்லை, பனைமர ஊர்தான், அடித்து விழுத்துகிற வேலைதான், ஒரு பருவத்துக்கு. பெலீல் அணியின் பெயரையும் ஊரின் பெயரையும் அக்னெஸுக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். செவ்வாய்வரை தங்கள் வீட்டில் இருக்கட்டும் என்றாள் யூகெத்.

"அடிச்சு விழுத்தத்தான் எடுக்கிறாங்கள், அம்மா," என்றான் றொசான்.

"விளங்குது," என்றாள் அக்னெஸ். மிச்ச றோல்சை ஈயத்தாளில் சுற்றி அவன் பைக்குள் வைத்து, அலுமாரிக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு காலையும் சேலையைத் தூக்கிக் கடந்து, கீழே கார்வரை போனாள்.

திங்கட்கிழமை சென்-லோராங்கில் ஒரு கிளினிக்கில், இளம் டொக்ரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு விலா வெடித்திருக்கிறது, எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். விழவில்லை, அடித்தார்கள் என்றார் செபஸ்தியாம்பிள்ளை. டொக்ரர் பேனையை எடுத்து, யார் என்றார். ஹொக்கிக்காரன் ஒருத்தன், சம்பளத்துக்கு ஆடுகிறவன், அமெரிக்காவில். டொக்ரர் பேனையை வைத்துவிட்டார். அவருக்கும் ஹொக்கி என்றால் உயிராம். எந்த அணி?

செபஸ்தியாம்பிள்ளைக்குத் தெரியாது. அவர் அக்னெஸைப் பார்த்தார். டொக்ரரும் பார்த்தார். அவள் சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டையைப் போடலாம் என்று டொக்ரர் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியிடம் போனார். இடது கை பாதிக்கு மேல் எழும்பவில்லை. வலது கையால் சட்டையை ஒருவழியாகத் தோளில் ஏற்றினார், பொத்தான்கள் பிடிபடவில்லை. "இஞ்சை ஒருக்கால்," என்றார். அக்னெஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய், பஸ் தரிப்பிடத்தில் நின்றாள்.